ஒரே பென் டிரைவ், ரெண்டு கம்ப்யூட்டர், ரெண்டு முகம்: ஐகானை முடிவு செய்வது யார்?

அம்பாசமுத்திரத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது:

"அண்ணாச்சி, கடையில ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கு. பழசு ஒண்ணுல லினக்ஸ் மின்ட் போட்டிருக்கேன். சுடலைமாடசாமி கோவில் கொடைக்கு நோட்டீஸ் அடிக்க வந்தவங்க ஒரு பென் டிரைவ் கொடுத்தாங்க. விண்டோஸ்ல சொருகினா ஒரு பிடிஎஃப் மேல பிரவுசர் படம் நிக்குது. இன்னொண்ணு வெறும் வெள்ளைத் தாள், திறக்கவும் இல்ல. சாமி போட்டோ மட்டும் போட்டோவாவே தெரியுது. லினக்ஸ்ல போட்டா அந்த வெள்ளைத் தாள் ஒழுங்கா பிடிஎஃப்னு காட்டுது. ஆனா 'கொடை போட்டோ'ங்கிற ஃபோல்டர் விண்டோஸ்ல ஒண்ணு, லினக்ஸ்ல ரெண்டு. அதுல ஒண்ணு ஃபோல்டர் மாதிரியே இல்ல, திறக்கவும் மாட்டேங்குது. லினக்ஸ் கெட்டுப்போச்சா? ஐகான் ஃபைலுக்குள்ள இருக்கா, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஐகான் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. பென் டிரைவில் வரும் பிடிஎஃப் தன் முகத்தையும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. நீ சொருகுகிற கம்ப்யூட்டர்தான் "இது இன்ன வகை" என்று ஒரு முடிவுக்கு வந்து, தன் அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்து ஒட்டுகிறது. இதற்கு விலக்கு ஒன்று உண்டு. அந்த விலக்குதான் உன் 'கொடை போட்டோ' ஃபோல்டர் என்று எனக்குப் படுகிறது. விண்டோஸில் அதை இன்னும் டபுள் கிளிக் செய்யவில்லை என்றால் செய்யாதே. ஏன் என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய அரிசி அம்பை 16. அந்தப் பெயர் அச்சடித்த மூட்டை கடையில் வந்து இறங்கினால் வியாபாரிக்கு ரெண்டு வழி. சாக்கு மேல் இருப்பதைப் படித்துவிட்டு அப்படியே அடுக்கலாம். இல்லை, குத்தூசியைச் செருகி நாலு அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கலாம். விண்டோஸ் முதல் ரகம். லினக்ஸ் சாக்கையும் படிக்கும். பெயரில் தெளிவில்லை என்றால் குத்தூசியையும் எடுக்கும். உன் வெள்ளைத் தாள் ஒரு கம்ப்யூட்டரில் முழித்ததற்கும் இன்னொன்றில் பிழைத்ததற்கும் காரணம் இதுதான்.

விண்டோஸை எடுத்துக்கொள்வோம். அதற்குச் சாக்குப் பெயர் என்பது ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வருவது. எக்ஸ்டென்ஷன் என்பார்கள், நான் வால் என்றே சொல்கிறேன். வாலில் பிடிஎஃப் என்று இருந்துவிட்டால் விண்டோஸ் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது, தன் அமைப்புகளை எல்லாம் எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பேரேட்டுக்கு நேராகப் போகும். அங்கே ஒவ்வொரு வாலுக்கும் ஒரு பதிவு இருக்கும். அந்தப் பதிவு "இந்த வாலுக்குப் பொறுப்பு இன்னார்" என்று ஒரு நிரலின் அடையாளப் பெயரைக் காட்டும். அந்த அடையாளத்தைத் தேடிப் போனால் அதன் கீழே டிஃபால்ட்ஐகான் என்று ஒரு வரி. அதில் ஒரு ஃபைலின் பாதை, ஒரு கமா, ஒரு எண். இந்த ஃபைலுக்குள் இத்தனையாவது படத்தை எடு என்று பொருள். எண் 0 என்றால் முதல் படம். எண்ணுக்கு முன்னால் மைனஸ் இருந்தால் அது வரிசை எண் இல்லை, உள்ளே அந்தப் படத்துக்கு வைத்திருக்கும் அடையாள எண்.

இதில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் ஐகான் "இது என்ன" என்பதைச் சொல்வதில்லை, "இதை யார் திறப்பார்கள்" என்பதைத்தான் சொல்கிறது. கல்யாண வீட்டு மொய்க் கவரில் கொடுத்தவர் பெயரைப் பார்ப்பது மாதிரி. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது வேறு விஷயம். உன் பிடிஎஃப் மேல் பிரவுசர் படம் நிற்பதால் அது கெட்டுப்போன பிடிஎஃப் இல்லை. உன் கடைக் கம்ப்யூட்டரில் பிடிஎஃப் திறக்கும் பொறுப்பு பிரவுசரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். பிடிஎஃப் படிக்கும் நிரலை யாராவது அழித்திருக்கலாம், அல்லது அதை நிறுவாமலே இருந்திருக்கலாம்.

மாற்ற வேண்டும் என்றால் ஃபைல் மேல் ரைட் கிளிக், ஓப்பன் வித், வேண்டிய நிரல், எப்போதும் இதுவே என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடு. ஐகான் தானாக மாறிவிடும். ரெஜிஸ்ட்ரியைத் திறந்து கையால் மாற்றும் குறுக்கு வழிகளை யாராவது வீடியோவில் காட்டினால் கேட்காதே. ஆள் தேர்ந்தெடுத்ததை விண்டோஸ் யூசர்சாய்ஸ் என்று தனி இடத்தில் எழுதி வைக்கிறது, அதற்குத்தான் முதல் மரியாதை. விண்டோஸ் 8 முதல் அந்தப் பதிவோடு ஒரு சரிபார்ப்புக் குறியீடும் சேர்ந்திருக்கிறது. கையால் மாற்றினால் குறியீடு ஒத்துப்போகாது, விண்டோஸ் அதைத் தள்ளிவிட்டுப் பழைய ஏற்பாட்டுக்குப் போய்விடும். ஏதோ ஒரு நிரல் உன்னைக் கேட்காமலே எல்லா வால்களையும் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும் அடாவடியைத் தடுக்கத்தான் இந்தக் காவல். எனக்கு இதில் புகார் இல்லை.

இப்போது வெள்ளைத் தாள். பெயர் என்ன என்று கேட்டதற்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாய். "நோட்டீஸ் அ.மி.சுடலைமாடசாமி". பார்த்ததும் சிரித்துவிட்டேன். அருள்மிகு என்பதை அ/மி என்று சுருக்கி எழுதுவது நம் பழக்கம். சாய்வுக்கோடு ஃபைல் பெயரில் ஏறாது என்பதால் யாரோ புள்ளி வைத்திருக்கிறார்கள். பெயர் மாற்றும்போது கடைசியில் இருந்த பிடிஎஃப் வாலையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். விண்டோஸ் என்ன செய்யும்? கடைசிப் புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று பார்க்கும். சுடலைமாடசாமி. சரி, சுடலைமாடசாமி வகை ஃபைலைத் திறக்க ரெஜிஸ்ட்ரியில் யார் பதிவு செய்திருக்கிறார்கள்? யாரும் இல்லை. வெள்ளைத் தாளை எடுத்து ஒட்டு. டீட்டெய்ல்ஸ் பார்வைக்குப் போய் டைப் என்ற பத்தியைப் பார். சுடலைமாடசாமி ஃபைல் என்றே எழுதியிருக்கும். மாடனுக்குத் தனி ஃபைல் வகையே கொடுத்துவிட்டது விண்டோஸ்.

பெயருக்குப் பின்னால் புள்ளி போட்டு பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் அடி. திறந்துவிடும். இன்ஷியலுக்குப் புள்ளி வைக்கும் ஊர் நம்முடையது, அதனால் இந்தக் கூத்து பத்திரிகை, நோட்டீஸ், ஆதார் நகல் என்று எல்லாவற்றிலும் வரும். வால் ஒழுங்காக இருக்கும்வரை நடுவில் எத்தனை புள்ளி இருந்தாலும் கவலை இல்லை.

லினக்ஸ் பக்கம் வா. அங்கே டெஸ்க்டாப்புகள் எல்லாம் பொதுவாகப் பார்க்கும் ஒரு வகைப் பட்டியல் உண்டு. க்னோம், கேடிஈ, உன் மின்ட்டில் இருக்கும் சினமன், எல்லாவற்றுக்கும் அதே பட்டியல்தான். ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொது ஏற்பாட்டில் எழுதப்பட்டது. ஒவ்வொரு வகைக்கும் மைம் பெயர் ஒன்று: அப்ளிகேஷன், சாய்வுக்கோடு, பிடிஎஃப் என்கிற மாதிரி. மின்னஞ்சலில் இணைப்புகளை அனுப்ப 1992-ல் உண்டாக்கிய முறைதான் இது. இன்று கம்ப்யூட்டர் முழுக்கப் பரவிவிட்டது.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் ரெண்டு விதமான அடையாளம் எழுதியிருக்கும். ஒன்று பெயர் அடையாளம், இந்த வாலில் முடிந்தால் இந்த வகை என்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஓர் எடை உண்டு. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எடை 50. ஒரு ஃபைல் பெயர் ரெண்டு அடையாளத்துக்குப் பொருந்தினால் எடை கூடியது ஜெயிக்கும். எடையும் சமம் என்றால் நீளமான வால் ஜெயிக்கும். டார் ஜீஜெட் என்று ரெட்டை வாலோடு வரும் சுருக்கிய மூட்டை ஃபைல் வெறும் ஜீஜெட்டுக்கும் பொருந்தும், ஆனால் நீளமானதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு அடையாளம் குத்தூசி. இதை மேஜிக் என்கிறார்கள். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. அநேக ஃபைல் வகைகள் தங்கள் முதல் சில எழுத்துகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் பிறக்கின்றன. உன் மாடசாமி ஃபைலை மின்ட்டில் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் வம்பாகத் திறந்து பார். பக்கம் பக்கமாகக் குப்பையாக இருக்கும், முதல் வரி மட்டும் பளிச்சென்று தெரியும். சதவீதக் குறி, பிடிஎஃப் என்று மூன்று எழுத்து, ஒரு சிறு கோடு, 1.4 அல்லது 1.7 என்று பதிப்பு எண். சேமித்துவிடாமல் மூடிவிடு. ஜிஃப் படங்களின் தொடக்கத்தில் ஜிஃப் என்றே எழுதியிருக்கும். ஜிப் ஃபைலின் முதல் ரெண்டு எழுத்து பி, கே. அந்த முறையை உண்டாக்கிய ஃபில் காட்ஸின் இன்ஷியல் அது. விண்டோஸ் நிரல்களான எக்ஸ்இ ஃபைல்கள் எம், இசட் என்று தொடங்கும். அது மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளரின் இன்ஷியல். நம் ஊர்ப் பாத்திரக்கடையில் குடத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது மாதிரி வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குத்திப் பார்க்கும் இந்தக் கலை புதிதும் இல்லை. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் ஃபைல் என்றே ஒரு கட்டளை 1973 முதல் இருக்கிறது. மின்ட்டில் டெர்மினலைத் திறந்து அந்தக் கட்டளையை அடித்து, ஓர் இடம் விட்டு, ஃபைலை இழுத்துப் போட்டு என்டர் தட்டினால் வால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பதைச் சொல்லும். வாடிக்கையாளர் கொண்டுவரும் புரியாத ஃபைலுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஆனால் லினக்ஸ் எல்லா மூட்டையையும் குத்தும் என்று நினைத்துவிடாதே. வால் ஒரே ஒரு வகைக்குத் தெளிவாகப் பொருந்திவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். சாமி போட்டோவின் வாலை வேண்டுமென்றே பிடிஎஃப் என்று மாற்றிவை. மின்ட்டும் பிடிஎஃப் ஐகானைத்தான் காட்டும். ஆயிரம் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கும்போது ஒவ்வொன்றையும் உள்ளே போய்ப் படித்தால் பழைய ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்கிவிடும். குத்தூசி வெளியே வருவது, வால் இல்லாதபோதும், தெரியாத வாலாக இருக்கும்போதும், ஒரே வாலுக்கு ரெண்டு பேர் சண்டை போடும்போதும்தான். சண்டைக்கு உதாரணம் டிஎஸ் என்ற வால். டிவியிலிருந்து பதிவு செய்த வீடியோவுக்கும் அந்த வால்தான், மென்பொருள் மொழிபெயர்ப்பு ஃபைலுக்கும் அதே வால்தான். குத்திப் பார்த்தால் ரெண்டு நொடியில் தீர்ந்துவிடும். வீடியோவாக இருந்தால் 188 பைட்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பத் திரும்ப வரும். மற்றது வெறும் எழுத்து. எதுவுமே பிடிபடாவிட்டால் ஃபைலின் தொடக்கத்தைப் பார்த்து, அச்சாகாத குறிகள் இல்லையென்றால் சாதாரண எழுத்து ஃபைல், இருந்தால் வகை தெரியாத பைனரி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.

நீ டிடிபிகாரன் என்பதால் இன்னொன்று. கோரல்டிரா ஃபைல் வாலில்லாமல் வந்தால் குத்தூசிக்கே கொஞ்சம் சிரமம். பழைய பதிப்பு ஃபைல்கள் ஆர்ஐஎஃப்எஃப் என்ற நாலு எழுத்தில் தொடங்கும். வேவ் பாட்டுக்கும் ஏவிஐ வீடியோவுக்கும் அதே நாலு எழுத்துதான் தலையில் இருக்கும். எட்டு எழுத்து தாண்டிப் போய்ப் பார்த்தால்தான் கோரல் என்று தெரியும். எக்ஸ்4 பதிப்பிலிருந்து கோரல் ஃபைலே உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டை. வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலும் ஜிப்தான். முதல் ரெண்டு எழுத்தை மட்டும் பார்த்தால் எல்லாமே பி, கே என்றுதான் வரும். லிப்ரே ஆஃபீஸ்காரர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய ஓடிடி ஃபைலும் ஜிப் என்றாலும், மூட்டையின் முதல் பொருளாக வகைப் பெயரைச் சுருக்காமல் அப்படியே எழுதி வைக்கிறார்கள். குத்தூசி சரியாக அங்கே போய் நிற்கும்.

வகை முடிவாகிவிட்டது. படம் எங்கிருந்து வருகிறது? லினக்ஸில் இது தனி வேலை. வகைப் பெயரில் இருக்கும் சாய்வுக்கோட்டை சிறு கோடாக மாற்றினால் அதுதான் ஐகானின் பெயர். அப்ளிகேஷன்-பிடிஎஃப் என்ற பெயரில் படம் இருக்கிறதா என்று, நீ தேர்ந்தெடுத்திருக்கும் ஐகான் தீமில், அதாவது ஐகான் படத் தொகுப்பில் தேடும். இல்லையென்றால் பொதுப் பெயர்: ஆவணம், எழுத்து, படம், வீடியோ என்கிற மாதிரி. ஒவ்வொரு தீமும் தன் பெற்றோர் தீம் யார் என்று எழுதி வைத்திருக்கும். தன் வீட்டில் இல்லாததை அப்பா வீட்டிலும் தாத்தா வீட்டிலும் கேட்கும். யாரிடமும் இல்லாவிட்டால் கடைசியில் ஹைகலர் என்ற பொதுச் சத்திரம். புதிதாக நிறுவும் நிரல்கள் தங்கள் ஐகானைக் குறைந்தது அங்கே வைத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

தேடும் வரிசையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சரியான பெயர், பொதுப் பெயர் என்று ரெண்டையும் சேர்த்துக் கேட்டால், முதலில் ரெண்டையும் தன் வீட்டிலேயே தேடி முடித்துவிட்டுத்தான் அப்பா வீட்டுக்குப் போகும். அதாவது தன் வீட்டுப் பொதுப்படம், தாத்தா வீட்டில் இருக்கும் சரியான படத்தைவிட முந்திக்கொள்ளும். இணையத்தில் அழகாக இருக்கிறது என்று ஒரு தீமை இறக்கிப் போட்டதும் கோரல், பிடிஎஃப், எக்செல் எல்லாம் ஒரே தாள் மாதிரி ஆகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தீம் வரைந்தவர் பத்துப் படத்தோடு சோர்ந்துபோயிருப்பார். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழைய தீமுக்கே போ.

அளவுக்கும் கணக்கு உண்டு. 16, 22, 32, 48 என்று தனித்தனி ஃபோல்டரில் தனித்தனிப் படம். சிறியதைப் பெரிதாக இழுத்தால் பிசிறடிக்கும், பெரியதைச் சுருக்கினால் கோடுகள் கூழாகிவிடும் என்பதால், நல்ல கலைஞர் 16-க்குத் தனியாகவே வரைவார். தீமில் அப்படிக் குறித்திருந்தால் 2 புள்ளி வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும். 24 கேட்டு 22 இருந்தால் அதுவே போதும். விண்டோஸில் இதெல்லாம் ஐகோ என்ற ஒரே ஃபைலுக்குள் பல அளவாக அடுக்கியிருக்கும். விஸ்டா காலத்திலிருந்து 256 வரை. மேக் பற்றி நீ கேட்கவில்லை, ஒரு வரி மட்டும். 1984-ல் வந்த முதல் மெக்கின்டாஷ் வாலையே நம்பவில்லை. ஃபைலோடு நாலு எழுத்தில் வகையும் நாலு எழுத்தில் உண்டாக்கிய நிரலின் பெயரும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். நல்ல யோசனைதான், ஆனால் வேறு கம்ப்யூட்டர் வழியாகப் போய் வந்தால் அந்த ஒட்டு உதிர்ந்துவிடும்.

சாமி போட்டோவுக்கு வருவோம். அது ஐகானே இல்லை, தம்ப்நெயில். ஃபைலைத் திறந்து, சுருக்கி, ஒரு சின்னப் படம் செய்து காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் செய்தால் நேரமாகும் என்பதால் ஒரு பிரதி எடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளும். இந்த இடத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

மின்ட்டில் உன் ஹோம் ஃபோல்டருக்குள் கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். அதில் புள்ளியோடு தொடங்கும் கேஷ் என்ற ஃபோல்டர், அதற்குள் தம்ப்நெயில்ஸ். நார்மல் என்பதில் 128 புள்ளி அளவுப் படங்கள், லார்ஜ் என்பதில் 256, அதற்கு மேல் 512, 1024 வரைக்கும் இடம் உண்டு. உள்ளே இருக்கும் படங்களின் பெயர் 32 எழுத்து எண்குறியாக, தலையும் காலும் புரியாமல் இருக்கும். மூல ஃபைலின் முழு முகவரியை எம்டி5 என்ற முறையில் அரைத்துச் செய்த பெயர் அது. உள்ளேயே மூல ஃபைல் கடைசியாக மாறிய நேரமும் குறித்திருக்கும். நேரம் ஒத்துப்போகாவிட்டால் பழைய பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யும்.

என் கடையில் ஒருநாள் டிஸ்க் நிறைகிறதே என்று இதைத் திறந்து பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை எப்போதோ ஸ்கேன் செய்து கொண்டுபோன மார்க் ஷீட், ஒரு பெரியவரின் ஆதார், யாருடைய வீட்டுப் பத்திரமோ. எல்லாமே பென் டிரைவிலிருந்து நேராக அச்சடித்துக் கொடுத்தவை. கம்ப்யூட்டரில் காப்பி எடுத்ததே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். நான் எடுக்கவில்லை, தம்ப்நெயில் எடுத்து வைத்திருந்தது. பெரிய அளவுப் பிரதியில் முகம் நன்றாகவே தெரிந்தது. அன்றிலிருந்து ராத்திரி கடை சாத்தும்போது அந்த ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுத்தான் ஷட்டர் இழுக்கிறேன். ஒன்றும் கெடாது, தேவைப்பட்டால் மறுபடி செய்துகொள்ளும். விண்டோஸிலும் தம்ப்கேஷ் என்று தொடங்கும் பெயர்களில் இதே மாதிரி சேர்ந்திருக்கும். டிஸ்க் கிளீன்அப்பில் தம்ப்நெயில்ஸ் என்பதை டிக் செய்து அழி. அல்லது ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் எப்போதும் ஐகான் மட்டும், தம்ப்நெயில் வேண்டாம் என்று வைத்துவிடு. மின்ட்டிலும் ஃபைல் மேனேஜர் அமைப்பில் முன்னோட்டத்தை நிறுத்தலாம். பொதுமக்கள் வந்துபோகும் கம்ப்யூட்டரில் நிறுத்தி வைப்பதுதான் முறை என்பது என் கட்சி.

அதே இடத்தில் ஃபெயில் என்று ஒரு ஃபோல்டரும் இருக்கும். முயன்று தோற்றவற்றின் பட்டியல் அது. ஒரு வீடியோவுக்குப் படம் வராமல் இருந்து, அப்புறம் நீ அந்த வீடியோவைப் பிரித்துப் படிக்கத் தேவையான கோடெக் என்ற துணை நிரலை நிறுவினாலும் வராது. முன்பே தோற்றது என்று எழுதி வைத்திருப்பதால் மறுபடி முயலாது. அந்த ஃபோல்டரை அழித்துவிட்டுப் பார்.

சரி, இப்போது நாலாவது ஐட்டம்.

தனக்கென்று முகம் சுமந்து வரும் விலக்கு ஒன்று உண்டு என்றேன் அல்லவா? அது எக்ஸ்இ, அதாவது விண்டோஸ் நிரல். ஒவ்வொரு நிரலுக்கும் சொந்த ஐகான் வேண்டும் என்பதால், அந்த ஃபைலுக்குள்ளேயே படத்தை வைத்துத் தைத்துவிடுவார்கள். விண்டோஸ் அதை எடுத்து அப்படியே காட்டும். என்ன படம் வைக்க வேண்டும் என்பது நிரலை எழுதியவன் இஷ்டம். பிடிஎஃப் படம் வைக்கலாம். மஞ்சள் ஃபோல்டர் படமும் வைக்கலாம்.

இதோடு இன்னொன்றையும் சேர். தெரிந்த வால்களை மறைத்து வைப்பது விண்டோஸின் இயல்பான அமைப்பு. எக்ஸ்இ என்பது அதற்கு நன்றாகத் தெரிந்த வால். எனவே 'கொடை போட்டோ' என்ற பெயரும் ஃபோல்டர் படமும் வைத்து ஒரு வைரஸ் எக்ஸ்இ வந்தால் உன் கண்ணுக்கு அது ஃபோல்டர்தான். உண்மையான ஃபோல்டரை அந்த வைரஸ் ஏற்கெனவே மறைவு, சிஸ்டம் என்று குறி போட்டு ஒளித்துவிட்டிருக்கும். நீ ஃபோல்டர் என்று நினைத்துத் தட்டுவாய், அது ஓடும், கம்ப்யூட்டருக்குள் இறங்கும், ஒன்றும் நடக்காதது மாதிரி உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடும். பிரவுசிங் சென்டர் காலத்தில் இந்த ரகம் ஊர் ஊராகச் சுற்றியது. ஒரு புராஜெக்ட் சமர்ப்பிப்பு நாளில் என் கடையிலேயே வரிசையாகப் பென் டிரைவ்களுக்கு ஒட்டியிருக்கிறது. கடைக்காரனான நான்தான் பரப்பியிருக்கிறேன் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

உன் லினக்ஸ் கெட்டுப்போகவில்லை, தம்பி. பென் டிரைவில் விண்டோஸ் போட்ட மறைவுக் குறியை அது பொருட்படுத்துவதில்லை, அதனால் உண்மையான ஃபோல்டரும் தெரிகிறது. வாலை மறைப்பதும் இல்லை, வகையை வைத்தே படம் ஒட்டுவதால் எக்ஸ்இக்குள் தைத்திருக்கும் மஞ்சள் ஃபோல்டரையும் எடுக்கவில்லை. ரெண்டில் 'திறக்க மாட்டேன்' என்று நிற்பதன் பெயர்க் கடைசியைப் பார். நான் சொன்ன எக்ஸ்இ வால் இருக்கும். சந்தேகம் என்றால் ஃபைல் கட்டளையைக் கொடு. மேலே சொன்ன எம், இசட்டைப் பார்த்துவிட்டு விண்டோஸ் நிரல் என்று சொல்லிவிடும்.

மின்ட்டில் வைத்தே அந்த எக்ஸ்இயை அழி. இனம் தெரியாத வேறு எக்ஸ்இ, ஆட்டோரன் என்ற பெயரில் ஏதாவது இருந்தால் அதையும் அழி. உண்மையான 'கொடை போட்டோ' ஃபோல்டரை மின்ட்டிலேயே ஒரு பிரதி எடுத்துக்கொள். அப்புறம் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, அட்ரிப் என்ற கட்டளையோடு மைனஸ் எஸ், மைனஸ் எச் சேர்த்து அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் மறைவு நீங்கிவிடும். கையோடு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில், வால்களைக் காட்டும் அமைப்பை ஆன் செய்துவிடு. வால் தெரிந்தால் மாடசாமி மாதிரிச் சிக்கலும் பார்த்த உடனே பிடிபடும்.

விண்டோஸில் ஏற்கெனவே ஒருமுறை தட்டிவிட்டாய் என்றால், ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓடி முடியும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எவருடைய பென் டிரைவையும் சொருகாதே. கொடைக்காரர்களிடம் நோட்டீஸ் கட்டைக் கொடுக்கும்போது, இந்தப் பென் டிரைவை இதற்கு முன்னால் எங்கே சொருகினார்கள் என்று கேட்டு வை. ரேடியோ செட்காரர் லேப்டாப்பாக இருக்கும் என்று எனக்கு ஒரு யூகம். வில்லுப்பாட்டுப் பதிவு வாங்க எல்லோரும் அவரிடம்தான் போவார்கள்.